வேரடியில் கிடந்த பந்து

சூசைதாசன் கோல்ஃப் பார்க்கப் போனது அந்த விளையாட்டின் மீதிருந்த ஆசையால் அல்ல. சீமோன் அண்ணையின் வாய்க்குத் தப்ப முடியாமல் போனான். சீமோன் பிக்கரிங்கில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டுகிறவர். ஏழு வருடம் புல் வெட்டியதில், தானே மட்டையைப் பிடித்து விளையாடிக் கிண்ணம் வென்ற மாதிரி ஒரு நினைப்பு அவருக்கு வந்துவிட்டது. கனேடியன் ஓபன் கோல்ஃப் போட்டி இந்த வருடம் ரொறன்ரோவில் என்றதும் அவருடைய மேலாளர் இரண்டு பாஸ் கொடுத்தார். ஒன்றை சீமோன் வைத்துக்கொண்டார். மற்றது, வெக்ஸ்போர்டில் ஒரு நிலத்தடி பேஸ்மென்ட் வீட்டில் அவரோடு குடியிருக்கும் சூசைதாசனின் தலையில் விழுந்தது.

"நாலு சுவரைப் பாத்துக்கொண்டு கிடந்தியெண்டா வியாழக்கிழமைக்கு முன்னமே உனக்கு விசர் பிடிச்சிடும். வெளிக்கிடு," என்றார் சீமோன்.

வியாழக்கிழமை சூசைதாசனுக்கு ஹியரிங், அகதி வழக்கு விசாரணை. இது இரண்டாவது. முதல் தடவை அவனுடைய அகதிக் கோரிக்கையை நிராகரித்துவிட்டார்கள். கடிதம் பதினான்கு பக்கம். சாரம் ஒரே வரி. இவர் சொல்வது நம்பக்கூடியதாக இல்லை. மேன்முறையீட்டில் அந்த முடிவைத் தள்ளி, வேறொருவர் முன்னால் மறுபடி விசாரிக்கச் சொல்லியிருந்தார்கள். இதிலும் தோற்றால் விமானம்தான். ஊரில், குருநகரில், மனைவி பேர்ணடெற்றும் ஏழு வயது மகளும் இருந்தார்கள். அவன் ஊரில் கால் வைத்தால் யார் வந்து கதவைத் தட்டுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். அதைத்தான் மூன்று மணி நேரம் இருந்து சொன்னான். அதைத்தான் அவர்கள் நம்பவில்லை.

வக்கீல் கல்யாணி, தமிழ்நாட்டுக்காரி, கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "வியாழக்கிழமை வரைக்கும் எந்த வம்புலயும் மாட்டிக்காதீங்க சூசை. ஒரு தெருவுல சண்டைன்னா நீங்க அடுத்த தெருவுல நடங்க. போலீஸ் ரிப்போர்ட்ல உங்க பேரு வரவே கூடாது."

ஆகவே மைதானத்து வாசலில் நான்கு பொலிஸ்காரர்களைக் கண்டதும் அவன் சீமோனின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினான். பையைத் திறந்து காட்டு, சட்டைப்பையில் உள்ளதைத் தட்டில் போடு, இந்த வளைவுக்குள்ளால் நட. மற்றவர்கள் கோப்பியும் கையுமாகச் சிரித்துக்கொண்டு நடந்தார்கள். இவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தான். வளைவு சத்தம் போடவில்லை. அப்படியும் உள்ளே போய்ப் பத்து நிமிடத்துக்கு அவன் திரும்பித் திரும்பி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உள்ளே சனமோ சனம். ஆயிரக்கணக்கானவர்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, அந்தப் பக்கம் ஒருவன் ஒரு சின்னப் பந்தை அடிப்பதற்காகக் காத்திருந்தார்கள். அடிக்கப்போகும் நேரம் தொண்டர் ஒருவர் இரண்டு கையையும் தலைக்கு மேலே உயர்த்தினார். அமைதியாக இருங்கள் என்பதற்கு அங்கே அதுதான் அடையாளம். சூசைதாசனுக்கு அது எங்கே தெரியும்? எதிரில் சீருடையில் நிற்கிற ஒருவர் திடீரென்று கையை உயர்த்தினால் என்ன செய்யவேண்டும் என்று அவனுடைய உடம்புக்கு ஊர் ஒரு பாடம் படிப்பித்திருந்தது. அவனும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிவிட்டான்.

பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சீமோன் அவன் கையைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

"டேய், உன்னை ஒருத்தரும் சுடேல்லை. கையை இறக்கு."

அதற்குப் பிறகு சனத்துக்குள் நிற்க அவனால் முடியவில்லை. எல்லோரும் தன்னையே பார்ப்பது போலிருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவனுக்கு ஜூன் மாத வெயிலிலேயே அப்படி. சீமோன் மஞ்சள் சேட்டுப் போட்ட ஒரு ஆட்டக்காரனின் பின்னால் துளை துளையாக அவனை இழுத்துக்கொண்டு போனார். பெயர் பெற்ற ஆள் இல்லை, ஒல்லியான உயர்ந்த பெடியன்.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை. பின்னேரம் பாதிப்பேரை வெட்டி வீட்டை அனுப்பிப் போடுவினம். உவன் சரியா அந்தக் கோட்டிலை நிக்கிறான். அடிக்கிற அடி ஒண்டு கூடினாலும் ஆள் வெளியிலை," என்றார் சீமோன். "பாக்கப் பாவமாக் கிடக்கு என்ன?"

பதினாறாம் துளையில் சீமோன் தண்ணீர் வாங்கப் போனார். சூசைதாசன் கயிற்றோரத்தை விட்டு விலகி, நன்றாக உள்ளே தள்ளி, மேப்பிள் மரங்களுக்குள் நிழலாக இருந்த ஓரிடத்தில் போய் நின்றான். அங்கே ஒருவரும் இல்லை. அன்று காலையிலிருந்து முதல் தடவையாக அவன் மூச்சை முழுதாக விட்டான்.

அப்போது மேலே கிளையொன்று முறிந்த மாதிரிச் சத்தம் கேட்டது. ஏதோ ஒன்று ஒரு மரத்தில் பட்டு, இன்னொரு மரத்தில் பட்டு, அவன் நின்ற மரத்தின் அடியில் விழுந்து, இரண்டு வேர்களுக்கு இடையில் போய் அசையாமல் நின்றது. வெள்ளைப் பந்து.

சூசைதாசன் பத்து வயதிலிருந்து கிரிக்கெட் விளையாடியவன். கல்லூரி அணியில் எல்லைக்கோட்டில் நின்றவன். பந்து உன்னிடம் வந்தால் குனி, எடு, எறி. பார்வையாளனாக இருந்தாலும் சட்டம் அதுதான். எல்லைக்கு வெளியே வந்த பந்தை எடுத்து உள்ளே எறியாதவன் மனிதனா? அவன் குனிந்தான், எடுத்தான். எடுத்தது போதாதென்று, பழைய பழக்கத்தில் காற்சட்டைத் தொடையில் இரண்டு தேய்ப்பும் தேய்த்தான். பிறகு யாருக்கு எறிவது என்று நிமிர்ந்து பார்த்தான்.

எறிவதற்கு ஆளில்லை. ஆனால் கயிற்றோரத்தில் நின்ற சனம் மரங்களை நோக்கித் திரும்பியிருந்தது. சிலர் கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். சின்னக் கொடியோடு தொண்டர் ஒருவர் ஓடி வந்து, அவனிடமிருந்து இருபது முப்பது அடி தள்ளி, முதலில் பந்து பட்ட மரத்தின் கீழே தேடத் தொடங்கினார்.

தண்ணீர்ப் போத்தல்களோடு மூச்சிரைக்க வந்த சீமோன் அவன் கையைப் பார்த்தார். முகம் வெளிறிப் போனது.

"ஐயோ, உந்தப் பந்தை ஏன்ரா எடுத்தனீ?"

"எறிஞ்சு குடுப்பமெண்டு..."

"எறியிறதோ? இதென்ன உங்கடை பள்ளிக்கூட மட்சே? கிடந்த இடத்திலை கிடக்கிற மாதிரித்தான் அவன் அடிக்கோணும். பந்திலை வேறை ஆள் கை வைக்கக்கூடாது. வைச்சா அது பெரிய பிழை. பொலிசைக் கூப்பிட்டு வெளியிலை தள்ளுவாங்கள்!"

பொலிஸ் என்ற சொல் போதும். சூசைதாசனின் கை அவனைக் கேட்காமலே பந்தைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டது. வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்ட கதை.

மஞ்சள் சேட்டுக்காரன் வந்தான். அவனுடைய மட்டைப் பையைச் சுமக்கிறவன் வந்தான். இரண்டு தொண்டர்களும், தொப்பி வைத்த வயதான நடுவர் ஒருவரும் வந்தார்கள். பார்வையாளர்களும் கயிற்றைத் தாண்டி வந்து புல்லைக் காலால் விலக்கித் தேடினார்கள். நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஏதோ சொன்னார்.

"மூண்டு நிமிசம்," சீமோன் காதுக்குள் சொன்னார். "அதுக்குள்ளை காணேல்லையெண்டா பந்து துலைஞ்ச கணக்கு. ஒரு அடி தண்டம். திரும்பப் போய் முதல் அடிச்ச இடத்திலையிருந்து அடிக்கோணும்."

"அப்ப அவன்?"

"அவன் வீட்டை. நீ அதைப் பாக்காதை. உன்ரை வியாழக்கிழமையைப் பார். ஒருத்தரும் காணேல்லை. மெல்ல அங்காலை போய் அந்தப் புல்லுக்கை போட்டுவிடு. அவங்களே கண்டெடுப்பாங்கள், எல்லாருக்கும் சந்தோசம்."

நல்ல யோசனைதான். சூசைதாசன் கையைப் பைக்குள் விட்டான். பந்து விரலில் தட்டுப்பட்டது. அதே நேரம் தொண்டர் ஒருவர் நிமிர்ந்து நேரே அவனைப் பார்த்தார். சும்மா பார்த்தாரா, கண்டுபிடித்துவிட்டுப் பார்த்தாரா? கை பைக்குள்ளேயே விறைத்துவிட்டது. வெளியே எடுத்தால் ஏன் கை உள்ளே இருந்தது என்று கேட்பார்கள். எடுக்காமல் நின்றால் உள்ளே என்ன என்று கேட்பார்கள். தேள் கொட்டிய திருடனைப் போல அவன் வாயைத் திறக்க முடியாமல் நின்றான். பைக்குள் இருந்த அந்தச் சின்னச் சாமான் அம்மிக்கல்லுப் போலக் கனத்தது.

பை சுமக்கிறவன் முழங்காலில் நின்று கையால் இலைகளை அள்ளி அள்ளிப் பார்த்தான். மஞ்சள் சேட்டுக்காரன் தேடுவதை விட்டுவிட்டுச் சும்மா நின்றான். அவன் உதடு காய்ந்திருந்தது. அந்த முகம் சூசைதாசனுக்குத் தெரிந்த முகம். முதல் ஹியரிங் முடிந்து வெளியே வந்து, கழிப்பறைக் கண்ணாடியில் அதைத்தான் பார்த்தான்.

நடுவர் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

சூசைதாசன் நல்லவன்தான், ஆனால் அப்போது அவனைப் பேசவைத்தது நல்ல மனம் என்று சொன்னால் அது பொய். பேசவைத்ததும் பயம்தான், அது வேறொரு பயம். இவன் பொய்யன் என்று அரசாங்கத்துக் கடதாசி ஒன்று ஏற்கனவே சொல்கிறது. இதுவரை அந்தக் கடதாசிதான் பிழை, இவன் சரி. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் எட்டு மாதமாக உயிரோடு இருக்கிறான். இப்போது இந்தப் பந்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனால் கடதாசி சொன்னது உண்மையாகிவிடும். வியாழக்கிழமை எந்த முகத்தோடு போய் என்னை நம்புங்கள் என்று கேட்பது? பொலிசைவிட அது அவனை அதிகமாக நடுக்கியது.

"சேர்," என்றான். ஒருவருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தடவை கத்தினான். "சேர்!"

பந்தை உள்ளங்கையில் வைத்து நீட்டினான். எல்லோரும் திரும்பினார்கள். சீமோன், "கெட்டுது குடி," என்று முனகியது கேட்டது.

நடுவர் அவனிடம் நடந்து வந்தார். சூசைதாசன் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினான். நான் எடுத்தேன், தெரியாமல் எடுத்தேன், கிரிக்கெட்டில் எடுப்போம், மன்னியுங்கள், திருடவில்லை, பயந்து பைக்குள் போட்டேன். நடுவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "பந்து நின்றுவிட்டதா, உருண்டுகொண்டிருந்ததா?" என்று கேட்டார்.

"நின்றுவிட்டது."

"எங்கே?"

இங்கேதான் சீமோனுக்கு மறுபடி உயிர் வந்தது. "கொஞ்சம் தள்ளி வெளியான இடமாக் காட்டு. அவனுக்கும் நல்லம், உன்னோடையும் கோவியான்," என்று தமிழில் அவசரமாகச் சொன்னார்.

சூசைதாசனும் பார்த்தான். இரண்டு அடி தள்ளி, சமனான புல்லுத் தரை. அதைக் காட்டினால் கேட்க நாதியில்லை. ஆனால் பந்து கிடந்தது அங்கே இல்லை. அவன் குனிந்து, இரண்டு வேர்களுக்கும் நடுவில், மரத்தோடு ஒட்டிய பொந்தில் விரலை வைத்தான்.

"இங்கே."

மஞ்சள் சேட்டுக்காரன் வந்து குந்தியிருந்து பார்த்தான். அங்கிருந்து பந்தை முன்னால் அடிக்க எந்தக் கொம்பனாலும் முடியாது. அவன் தலையை நிமிர்த்தி சூசைதாசனைப் பார்த்தான்.

"நிச்சயமாகவா?"

ஹியரிங்கில் வந்த மாதிரிக் கேள்விகள் இனி வரும் என்று சூசைதாசன் நின்றான். எவ்வளவு தூரத்தில் நின்றாய், எந்தக் கையால் எடுத்தாய், பிறகு ஏன் ஒளித்தாய், ஒளித்தவன் சொல்வதை நாங்கள் எப்படி நம்புவது?

"நிச்சயமாக," என்றான்.

"சரி," என்றான் அந்தப் பெடியன். பந்தை வாங்கினான், நடுவரைப் பார்த்தான். தண்டமில்லை, அங்கேயே வைத்து அடிக்கலாம் என்று நடுவர் தலையசைத்தார். அவன் அதை வேர்களுக்கு நடுவில், விரல் வைத்த அதே இடத்தில் வைத்தான். மட்டையைத் தலைகீழாகப் பிடித்து, இடது கைக்காரனைப் போல நின்று, பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினான். பந்து மரங்களை விட்டு வெளியே போய்ப் புல்லில் நின்றது. சனம் கைதட்டியது. அவன் அதன் பின்னால் நடந்தான்.

நடுவர் போகவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் குறிப்புக் கொப்பியை எடுத்தார்.

"உங்கள் பெயர் என்ன?"

வந்தது வந்துவிட்டது. கல்யாணி மேடத்தின் குரல் காதில் கேட்டது. சூசைதாசன் பேர்சைத் திறந்து, நாலாக மடித்த அகதிக் கோரிக்கைப் பத்திரத்தை எடுத்து நீட்டினான். நடுவர் அதை வாங்கவில்லை. வேண்டாம், நீங்கள் சொன்னால் போதும் என்று கையை அசைத்தார்.

சற்று எட்ட நின்ற சீமோன், நடுவர் போனதும் ஓடி வந்தார். சூசைதாசன் மரத்தடியில் கால் மடங்கி உட்கார்ந்திருந்தான். முகமெல்லாம் கண்ணீர்.

"என்னடா, பேர் கேட்டவனோ? குடுத்திட்டியோ? பொலிசுக்குக் குடுப்பினமாமோ?"

இல்லை என்று அவன் தலையை ஆட்டினான்.

"பின்னை ஏன் அழுகிறாய்? என்ன எழுதினவன்?"

சூசைதாசன் மூக்கைச் சட்டைக் கையில் துடைத்தான்.

"நான் சொன்னதை எழுதினவர் அண்ணை. எழுதிப்போட்டு வாசிச்சும் காட்டினவர். ஒரு சொல்லும் மாறேல்லை."