பழைய சார்ஜர்

வயரை ஒரு பக்கமாக வளைத்துப் பிடித்தால்தான் டேப்லெட்டில் சார்ஜ் ஏறும். பெரியவள் அப்படிப் பிடித்தபடியே அம்மாவின் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் உயிர் காலையில்தான் பிரிந்திருந்தது. வண்டி வாசலுக்கு வந்துவிட்டது. கடல் தாண்டி இருக்கும் சின்னவளுக்கு விமானத்தில் இடம் கிடைக்கவில்லை. போன் வேண்டாம், அம்மா எப்போதும் என்னோடு பேசும் டேப்லெட்டிலேயே முகத்தைக் காட்டு என்று அழுதிருந்தாள்.

"எவ்வளவு ஏறியிருக்கு?" என்றார் சித்தப்பா.

"நாலு பர்சன்ட்."

"அப்பவும் நாலுன்னுதானம்மா சொன்ன."

டேப்லெட் சின்னவள் அனுப்பியது. கூடவே வந்த சார்ஜர் மளமளவென்று ஏற்றும். அதைப் பெரியவள் தன் போனுக்கு எடுத்துக்கொண்டு, பழைய பட்டன் போனின் யூஎஸ்பி சார்ஜரை அம்மாவின் தலைமாட்டில் செருகிவிட்டாள். "நாள் பூரா வீட்லதான இருக்க, மெதுவா ஏறட்டும்" என்றாள். அதில் போட்டுக்கொண்டே பேசினால் ஏறுவதற்குப் பதில் இறங்கும். சின்னவளோடு பேச்சு சூடுபிடிக்கும் நேரத்தில் திரை அணைந்துவிடும். அம்மாவின் முகம் சுண்டிப்போகும். அடுப்படியில் நிற்கும் பெரியவளுக்கு வயிறு குளிரும்.

குளிக்க வைத்ததும் புரட்டிப் படுக்க வைத்ததும் இவள். "என் தங்கமே" என்ற கொஞ்சல் திரையில் தெரிகிறவளுக்கு. இவளிடம், "துண்டு எங்க வெச்ச?" அவ்வளவுதான். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

நல்ல சார்ஜர் கதவில் தொங்கும் கைப்பையில் இருந்தது. எழுந்து நாலு எட்டு வைத்தால் எடுத்துவிடலாம். அவள் எழவில்லை.

சார்ஜ் ஐந்து ஆனதும் கூப்பிட்டாள். உடனே சின்னவள் திரையில் வந்தாள். அழுதழுது கண் இடுங்கியிருந்தது.

"இன்னும் கிட்ட கொண்டு போக்கா."

கொண்டுபோனாள். ஐந்து நாலாயிற்று, மூன்றாயிற்று.

"அக்கா, அம்மா கன்னத்தத் தொடேன். எனக்காக."

எனக்காகவாம். இன்றைக்கும் இவள் அவளுக்கு எடுபிடி. பல்லைக் கடித்துக்கொண்டு தொட்டாள்.

"எப்படி இருக்கு?"

"சில்லுன்னு இருக்கு."

சின்னவள் அந்தக் கையையே பார்த்தாள். "நீ குடுத்து வெச்சவ" என்றாள். ஆறுதலுக்குச் சொன்ன குரல் இல்லை அது. உதடு கோணி, முகம் கறுத்திருந்தது. அடுப்படியில் நின்று கொஞ்சலைக் கேட்டுக்கொண்டிருந்த நாட்களில் தன் முகம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று பெரியவளுக்குப் பட்டது.

திரை அணைந்தது.

"ஐயோ, பாவம். அவ இன்னும் சரியாப் பாக்கலியே" என்றார் சித்தப்பா. "வேற சார்ஜர் ஏதாவது இருக்காம்மா?"

"இல்ல சித்தப்பா."

வண்டிக்காரர்கள் இருவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நின்றார்கள். பெரியவள் அம்மாவின் கன்னத்திலிருந்து கையை எடுக்கவில்லை.