முன்பாரம்

மீராசா அரபி பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். அவனைப் பற்றி இந்த ஒரு நல்ல வார்த்தையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழக்கரைக்காரன். வளைகுடாவில் தேரா என்ற இடத்தில் இருந்த எங்கள் வேட்டைச் சாமான் கடையின் முன்பக்கம் அவனுடையது. கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்த ஒர்க்‌ஷாப் என்னுடையது. நான் வேலுச்சாமி, கோவையில் லேத் பட்டறையிலிருந்து வந்தவன். பதினோரு வருடத்தில் அரபி என் காதுக்கு ஏறிவிட்டது. வாய்க்குத்தான் வரவில்லை, திறந்தால் அரைகுறை ஹிந்திதான் வரும்.

வாடிக்கையாளர் கேட்பதை மீராசா உள்ளே வந்து என்னிடம் தமிழில் சொல்வான். நான் சொல்லும் பதிலை வெளியே கொண்டுபோய் அரபியில் சொல்வான். கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருப்பேன். என் பதிலுக்கு அவன் தோளில் தட்டு விழும். அவனை ‘முஅல்லிம்’ என்றுதான் கூப்பிடுவார்கள், வாத்தியார் என்கிற மாதிரி. ஒரு அம்பை நேராக வெட்டத் தெரியாதவனை!

இரண்டாயிரத்து ஏழு, மே மாதம் அபு ஹமத் வந்தார். பெரிய வாடிக்கையாளர் என்பதால் கடையில் எல்லோருக்கும் அவர் அர்பாப், முதலாளி என்கிற மாதிரி. வருடா வருடம் தென்னாப்பிரிக்காவுக்கு வில்லோடு வேட்டைக்குப் போகிறவர். போன வருடம் ஈலண்ட் என்ற மானை எய்திருந்தார். மான் என்று பெயர்தான், காளைமாட்டைவிடப் பெரியது. அம்பு பாதிதான் இறங்கியது. மான் ஓடிவிட்டது, இரண்டு நாள் தேடியும் கிடைக்கவில்லை. அது அவரை வருடம் முழுக்க உறுத்தியிருந்தது. இந்த முறை அம்பின் தலையில் பாரம் ஏற்ற வேண்டும் என்றார்.

அடுத்து அவர் சொன்னது கதவின் இடுக்கு வழியே எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“பத்து நாள் என் அம்புகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். முஅல்லிம், நீ வா.”

நான் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தேன். பதினோரு வருடமாக அம்பு செய்கிறேன். நான் செய்த ஒரு அம்பாவது போய்த் தைப்பதை எங்கள் குடோன் சுவர்களுக்கு வெளியே நான் பார்த்ததில்லை. அந்தப் பத்து நாள் எனக்கு வேண்டும். என் வேலையை வாயால் மட்டும் சொன்னவனுக்கு அது போகக்கூடாது.

மீராசா உள்ளே வந்தான்.

“வேலு, அர்பாப்புக்கு அதே அம்புதான் வேணுமாம். பித்தளை இன்சர்ட்டு நூறு, பிராட்ஹெட்டு எரநூறு. ஒரு டஜன். வெள்ளிக்கிழம குடோன்ல எய்ஞ்சு பாக்குறாரு.”

“ஆகட்டுங்க பாய்.”

“வேற ஏதாச்சும் மாத்தணுமா? அல்லா மேல சத்தியமா இந்தக் கணக்கெல்லாம் நம்ம மண்டையில ஏறாதுப்பா. நீ சொன்னா நான் போயி சொல்றேன்.”

“ஒண்ணும் வேண்டாமுங்க” என்றேன்.

அது எவ்வளவு பெரிய பொய் என்று தெரிய, அம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கார்பன் தண்டு உள்ளே குழல். அதன் வாயில் ஒட்டுகிற சின்ன மரைக் குழாய்தான் இன்சர்ட். பிளேடு வைத்த முனையான பிராட்ஹெட்டை அதில் திருகி மாட்டுவார்கள். எடையெல்லாம் கிரெய்னில். ஒரு கிரெய்ன் நம் பொற்கொல்லர்களின் குன்றிமணியில் பாதி இருக்கும். வழக்கமாக இன்சர்ட்டும் முனையும் சேர்ந்து நூற்றிருபது கிரெய்ன், அதாவது எட்டு கிராம். அர்பாப் கேட்டதோ முந்நூறு, கிட்டத்தட்ட இருபது கிராம். எட்டு கிராமில் அம்பு தன் நடுவிலிருந்து மூன்று அங்குலம் முன்னால் தராசுபோல் நிற்கும். இருபது கிராம் ஏற்றினால் அந்த இடம் ஆறு அங்குலத்துக்கும் மேலே முன்னேறிவிடும். இதில் லாபம் என்ன? பாரம் வாலில் இருந்தால் தைக்கும்போது பின்பக்கம் முன்பக்கத்தைத் தள்ளும். தண்டு வளைந்து வேகம் வீணாகும். பாரம் தலையில் இருந்தால் தலை முன்னே போய் வாலை இழுத்துக்கொள்ளும். கட்டை வண்டியைப் பின்னாலிருந்து தள்ளிப் பார்த்து, பிறகு நுகத்தைப் பிடித்து இழுத்தும் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. நாணை விட்டதும் பின்னாலிருந்து உதை வருகிறது. முன்னாலிருக்கும் பாரம் உடனே நகர மறுக்கிறது. நடுவில் அகப்பட்ட தண்டு வளைகிறது. பாரம் கூடினால் வளைவும் கூடும். அதனால் முன்பாரம் ஏற்றினால் தண்டையும் விறைப்பானதாக மாற்றியே ஆக வேண்டும். தண்டின் மேல் ஒரு எண் இருக்கும். தண்டை இரண்டு முட்டுகளின் மேல் கிடத்தி, நடுவில் முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலான ஒரு குறித்த எடையைத் தொங்கவிட்டு, எவ்வளவு தொய்கிறது என்று அளந்த எண் அது. எண் குறைந்தால் விறைப்பு அதிகம். அர்பாப்பின் தண்டு நானூறு. இந்தப் பாரத்துக்கு முந்நூறு வேண்டும்.

நானூறிலேயே பன்னிரண்டும் செய்தேன். ஒடியாது, விலகும். அதைக் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டுதான் செய்தேன். புதன்கிழமை மாலை மீராசா தொழுகைக்குப் போன நேரத்தில் முந்நூறில் மூன்று தண்டுகளை வெட்டி, வாயைச் சமமாகத் தேய்த்து, உட்புறத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, பித்தளை இன்சர்ட்டில் பசை தடவிச் சுழற்றிக்கொண்டே உள்ளே இறக்கினேன். பசை எல்லாப் பக்கமும் பரவ அப்படித்தான் சுழற்ற வேண்டும். மூன்றையும் துணியில் சுற்றி அலமாரிக்குப் பின்னால் மறைத்தேன். வெள்ளிக்கிழமை மீராசா திருதிருவென்று விழிக்கும்போது இவை வெளியே வரும்.

அல் குசைஸ் பகுதியிலிருந்த எங்கள் குடோனில் முப்பது மீட்டர் நீளத்துக்கு இடம் ஒதுக்கியிருந்தோம். கோடியில் ரப்பர் நுரைப் பலகை. காலை எட்டு மணிக்கே தகரக்கூரை கொதித்தது. அர்பாப் முதலில் அதே எடையுள்ள மொட்டை முனைகளைப் போட்டு எய்து வில்லின் குறியைச் சரிசெய்தார். அம்புகள் ஒரு கையகலத்துக்குள் விழுந்தன.

“பாத்தியா, நம்ம சரக்கு!” என்று மீராசா என் விலாவில் இடித்தான். நம்ம!

பிராட்ஹெட்டை மாட்டியதும் கதை மாறியது. முதல் அம்பு ஒரு சாண் விலகியது. இரண்டாவது அதற்கு எதிர்ப்பக்கம் கீழே. மூன்றாவது பலகையின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு போனது. அர்பாப் வில்லை இறக்கினார்.

“லேஷ்?” ஏன் என்று கேட்டார். மீராசாவைப் பார்த்துத்தான் கேட்டார்.

மீராசாவின் மேலுதட்டில் வியர்வை. நான் காத்திருந்தது இந்த முகத்துக்குத்தான். ஆனால் நான் நினைத்ததுபோல அவன் சமாளிக்கவில்லை. “எனக்குத் தெரியாது அர்பாப், அம்பு செய்வது இவன்தான்” என்று அரபியில் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். “வேலு, ஏம்ப்பா இப்புடிப் போவுது?”

ஏன் என்று யாராவது கேட்டுவிட்டால் எனக்கு வேறெதுவும் நினைவிருக்காது. மேசையில் கிடந்த பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்து ஒரு நுனியைச் சுவரில் முட்டவைத்து மறு நுனியைத் தள்ளினேன். ஸ்கேல் வில்லாக வளைந்தது.

“இந்தச் சுவரு தானுங்க முன்பாரம். தள்ளுறது நாணு. பிளேடு இல்லாத முனைன்னா வாலிறகு இந்த ஆட்டத்த நிமித்திப்போடும். பிளேடு முன்னால ஒரு றெக்க மாதிரிங்க. தண்டு ஆடுறப்ப அது காத்தப் புடிச்சு இழுத்துட்டுப் போயிரும்.”

மீராசா சொல்லச் சொல்ல அர்பாப் ஸ்கேலை வாங்கித் தானே வளைத்துப் பார்த்தார். ஒரு பழைய செய்தித்தாளைச் சட்டத்தில் மாட்டி, அதன் வழியே எய்யச் சொன்னேன். காகிதத்தில் முனை போன துளையிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வால் கிழித்திருந்தது. அம்பு கோணலாகப் பறந்ததற்கு அதுதான் அத்தாட்சி. பிறகு, கூடவே கொண்டுவந்திருந்த துணிச்சுருளைப் பிரித்து என் மூன்று அம்புகளை நீட்டினேன்.

காகிதத்தில் ஒரே துளை, அதைச் சுற்றி இறகின் கீறல் மட்டும். காகிதத்தை எடுத்துவிட்டுப் பலகையில் எய்தார். மூன்றும் ஒரு உள்ளங்கைக்குள் இறங்கின. இதுவரை யாரும் தட்டாத என் தோளில் அர்பாப் தட்டினார். “ஸெய்ன்! நீ முஅல்லிம்!” என்றார். எனக்குக் காதெல்லாம் சூடானது. மீராசா பக்கம் திரும்பிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தான்.

“இன்னும் ஒன்பது இப்போதே ஒட்டச் சொல்” என்றார் அர்பாப். “மாலையில் எய்து பார்க்கிறேன்.”

மீராசா சொல்லி முடிக்கும் முன்பே நான் தலையாட்டி மறுத்தேன். “முடியாதுங்க. இந்தப் பசை இறுக முழுசா ஒரு நாள் வேணும். அதுக்கு முன்னால எய்ஞ்சா இன்சர்ட்டு உள்ள வாங்கிப்போடும், முனை கோணிக்கும். அவசரமே ஆகாதுங்க.”

மீராசா மொழிபெயர்க்கத் தொடங்கினான். பாதியில் நின்றான். என்னைப் பார்த்தான். மீதியை மெதுவாகச் சொன்னான்.

அர்பாப் பலகைக்குப் போய் என் அம்பு ஒன்றைப் பிடுங்கி வந்து இன்சர்ட்டை நகத்தால் தட்டினார். கல்போல இறுகியிருந்தது. “அப்படியானால் இது?” என்று என்னிடமே கேட்டார். மீராசா அதைத் தமிழில் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. மற்றவை விலகும் என்று தெரிந்தே இவற்றை முன்கூட்டி ஒட்டிவைத்தேன் என்பதை அந்த இன்சர்ட்டே சொல்லிவிட்டது.

“என் வில்லில் விரிசல் இருந்தாலும் இவன் சொல்லமாட்டான்” என்றார் அர்பாப், மீராசாவிடம். “காட்டில் இவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் எப்படி நாணை இழுப்பேன்? கலாஸ், முடிந்தது. நீ வா. அம்புகளை மட்டும் இவனை ஒழுங்காகச் செய்யச் சொல்.”

ஒரு சொல் விடாமல் எனக்குப் புரிந்தது. புரியும் என்று மீராசாவுக்கும் தெரியும்.

அவன் என் பக்கம் திரும்பி, “அர்பாப் என்ன சொல்றாருன்னா வேலு, ரெண்டு பேரும் போனா கடைய யாரு பாக்குறதுன்றாரு” என்றான். “வேல தெரிஞ்ச ஆளு இங்கதான் இருக்கணுமாம்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் அரபியைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன், தோளில் விழும் தட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். அந்த நேரத்தில் அவனுக்கு அப்படி ஒரு பொய் சொல்ல வந்ததே, அதைப் பார்த்துப் பொறாமைப்பட்டதுபோல வேறெதற்கும் பட்டதில்லை.

அடுத்த வாரம் ஒன்பது அம்புகளும் முந்நூறில் தயாராயின. கிளம்புவதற்கு முதல் நாள் மீராசா ஒர்க்‌ஷாப்புக்குள் வந்து ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

“ஏம்ப்பா, அங்க போயி முனை கோணிக்கிச்சுன்னா எனக்கு எப்புடித் தெரியும்?”

“என்கிட்ட ஏனுங்க கேக்குறீங்க? நீங்கதானே முஅல்லிம்.”

“அட போப்பா. சொல்லு.”

சின்ன உருளைகள் வைத்த தாங்கியில் ஒரு அம்பைக் கிடத்தி விரலால் சுழற்றிக் காட்டினேன். முனை ஒரே புள்ளியாக நின்று சுற்றினால் நேர். வட்டம் போட்டால் கோணல். அவன் சுழற்றிப் பார்த்தான். பழைய நானூறில் ஒன்றைக் கொடுத்தேன், அதன் முனை வட்டம் போட்டது. “அப்ப இந்த முனைய வீசிற வேண்டியதுதான்” என்றான்.

அங்கே நான் நிறுத்தியிருக்கலாம். கோணல் எதில் என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நானாகத் தட்டுத்தடுமாறிக் கற்றது, யாருக்கும் சொன்னதில்லை. அது தெரியாவிட்டால் அவன் அங்கே நல்ல முனைகளையெல்லாம் வீசிவிட்டு அர்பாப் முன்னால் கைபிசைந்து நிற்பான். அந்தக் காட்சியைக் கொஞ்ச நேரம் மனதில் ஓடவிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

“வீசாதீங்க பாய்” என்றேன். “அந்த முனையக் கழட்டி இன்னொரு அம்புல மாட்டிச் சுத்துங்க. அங்கயும் வட்டம் போட்டா முனைதான் கெட்டது. அங்க நேரா நின்னா முனை நல்லது, இந்த அம்போட இன்சர்ட்டு கோணல்.”

மீராசா கழற்றி மாட்டிச் சுழற்றினான். முனை புள்ளியாக நின்றது. “அட!” என்று கண்ணை விரித்து, இன்னொன்றை எடுத்துத் தானே சோதிக்க ஆரம்பித்தான். விரல் பதமாக விழுந்தது. முதல் முறையிலேயே அவனுக்கு நன்றாக வந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.