சங்கமித்ராவின் நீலம்

சங்கமித்ரா எண்ணூர்ப் பக்கம் ஒரு ரசாயனக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தாள். செல்போன் திரைகளில் ஒளிரும் பொருட்களை உருவாக்குவது அவள் வேலை. சிவப்பும் பச்சையும் தொல்லை தராமல் எரியும். நீலம்தான் படுத்தும். நீல ஒளிக்குச் சக்தி அதிகம் வேண்டும். அந்தச் சக்தியே மூலக்கூறை உடைத்துவிடும். அவள் செய்த நீலங்கள் எல்லாம் சில மணி நேரத்தில் மங்கிச் செத்தன.

அந்த மழைக்காலத்தில் ஒன்று நிலைத்து நின்றது. குறைந்த மின்சாரத்தில் பளிச்சென்று எரிந்தது. வாரம் கடந்தும் மங்கவில்லை. அனுமதி வாங்கிக்கொண்டு, அதைப் பூசிய நகம் அளவுள்ள கண்ணாடிச் சில்லை வியாசர்பாடி வீட்டுக்கு எடுத்துவந்தாள். துறைமுகத்தில் மூட்டை தூக்கி அவளைப் படிக்கவைத்தவர் அப்பா பீம்ராவ். அவருக்குக் காட்ட வேண்டும்.

பேட்டரியில் இணைத்தாள். அவள் விரல்நுனிகள் நீலமாயின.

"எப்டி கீது நைனா?"

"சோக்கா கீது கண்ணு. மங்கலா, பச்சையா, எதமா கீது."

நிறம் மாறிவிட்டதா? பதறிக் குனிந்தாள். சுத்தமான நீலம். மூலையிலிருந்த நீல வாளியைக் காட்டினாள்.

"அது இன்னா கலரு?"

"கறுப்பு."

அவள் குனிந்து அவர் கண்களை உற்றுப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்தது.

"ரெண்டு கண்ணுலயும் புரை முத்திட்ச்சுன்னு டாக்டரு சொன்னாரு. நீ அந்த லைட்டோட மல்லாடிகினு இருந்தே. வேலைய வுட்டுட்டு எம்பின்னால அலைவியேன்னுதான் சொல்லல."

"நீ பாக்காம அந்த லைட்டு யாருக்கு நைனா?"

அவர் அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

மறுநாளே லீவு போட்டாள். அரசு மருத்துவமனையில் ஒரு கண்ணுக்கும், அது ஆறியபின் மற்றதற்கும் அறுவை சிகிச்சை நடந்தது. கட்டுப் பிரித்துத் திரும்பும்போது, தெருமுனைக் கொடிக்கம்பத்தருகே பீம்ராவ் ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். காற்றில் அடித்துக்கொண்டிருந்த நீலக்கொடியை அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஆட்டோக்காரர் அவசரப்படுத்தவில்லை.

வீட்டில் சில்லை எரியவிட்டாள்.

"பழசாய்டுச்சு நைனா. பாதி வெளிச்சம்தான்."

"இதுவே பாதியா?"

வெகுநேரம் பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பி, முகத்தை நிதானமாகப் பார்த்தார்.

"ஒனக்கு எப்போம்மா நரச்சுது?"

"போன வருசமே."

காதோரம் விழுந்த வெள்ளை முடியை மெல்ல ஒதுக்கிவிட்டார். அவள் நகராமல் நின்றாள்.