அட்மிரல் வைத்த சல்யூட்

மகன் கடற்படையில் சேர்ந்த நாளிலிருந்து தெருவில் அவருக்கு அட்மிரல் என்று பெயர். எதிர்க்கடை டயர்க்காரர் கிண்டலுக்கு வைத்த பெயர்தான். அவர் அதைப் பதவி உயர்வாகவே எடுத்துக்கொண்டார். தன் மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து, பிரேமைத் துடைத்துக்கொண்டே, எந்தக் கடலில் என்ன பதற்றம் என்று வருகிறவர்களுக்கெல்லாம் வகுப்பெடுப்பார். கண் மங்கி உள்ளே வந்தவன் காதும் அடைத்து வெளியே போவான்.

மகன் ஆயுதப் பிரிவில் இருப்பதாக ஊருக்குச் சொல்லி வைத்திருந்தார். அவன் இருந்தது கப்பலின் உணவுக் கிடங்கில். "சோறு இல்லாம எவன் சண்டை போடுவான்? அதுவும் ஒரு ஆயுதந்தான்" என்று மனைவியிடம் ஒரு விளக்கம் வேறு.

அவளுக்கு அந்த வழக்கெல்லாம் வேண்டாம். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மகனின் வலது கையைப் பார்க்க வேண்டும்.

"கையில சின்ன அடிம்மா, சரியாயிடும்" என்று அவன் சொல்லிப் பல வாரங்கள் ஆகிவிட்டன. அதற்குப் பிறகு அனுப்பிய படம் ஒன்றிலும் அந்தக் கை இல்லை. ஒன்றில் முதுகுக்குப் பின்னால், ஒன்றில் பாக்கெட்டுக்குள், ஒன்றில் கூட்டாளியின் தோளுக்கு அந்தப் பக்கம். போனில் கேட்டால் "நல்லாத்தாம்மா இருக்கு" என்று குரல் மட்டும் வரும். அவளுக்கு ஆஸ்பத்திரியில் காயம் கழுவிக் கட்டுப் போடும் அறையில் வேலை. சின்ன அடி பட்டவன் கட்டைத் தூக்கித் தூக்கிக் காட்டுவான். மறைக்கிறவனுக்குத்தான் பெரிய காயம் என்று அவளுக்குத் தெரியும்.

"படத்துல கை தெரியலைன்னா கை இல்லைன்னு அர்த்தமா? காலுந்தான் தெரியலை" என்றார் அட்மிரல்.

"கால்ல அடின்னு அவன் சொல்லலியே."

"ஒரு வீரனோட அம்மா மாதிரி பேசக் கத்துக்கோ."

"அவனோட அம்மா மாதிரி பேசறேன். எனக்கு அது போதும்."

அந்தச் சமயத்தில்தான் கடற்படைக் குடும்பங்கள் நலச் சங்கம் ஒரு விழாவை அறிவித்தது. கப்பல் ஏதோ ஒரு துறைமுகத்தில் நிற்கும்போது, மண்டபத்தில் பெரிய திரை வைத்து, பிள்ளைகள் முகத்தைக் காட்டிப் பேசவைக்கப் போகிறார்களாம். ஒரு குடும்பத்துக்கு இரண்டு நிமிடம்.

"அதுல பாதி எனக்கு" என்றாள் அவள்.

"நான் ரெண்டு வார்த்தை பேசிட்டு மைக்கை உன் கையில குடுத்துடறேன். போதுமா?"

அவருடைய இரண்டு வார்த்தை மூன்று பக்கத்துக்கு வந்தது. முடிவெட்டும் கடையில் வாசித்துக் காட்டினார். முகத்தில் பாதிச் சோப்போடு இருந்தவன் எழுந்து ஓட முடியாமல் முழுவதையும் கேட்டான்.

சங்கத் தலைவருக்கு உறுப்பினர்கள் வைத்த பெயர் கொடிக்கம்பம். எப்போதும் விறைத்து நிற்பார். கடற்படையின் சம்பளப் பிரிவில் வேலை பார்த்து, கடலை ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்து ஓய்வு பெற்றவர். ஆனாலும் "நாங்க கடல்ல இருந்தப்ப" என்றுதான் ஆரம்பிப்பார். அன்றும் அப்படித்தான் ஆரம்பித்தார். முடிப்பதற்குள் திரையில் காத்திருந்த பையன்கள் இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள்.

முதலில் ஓர் அம்மா தன் மகளிடம் "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். என்ன பேசுவதென்று தெரியாமல் அதையே மறுபடி கேட்டாள். நேரம் போய்விட்டது. அடுத்து ஓர் அப்பா வாயைத் திறக்காமல் அழுதுவிட்டு இறங்கினார்.

பிறகு இவர்கள் முறை. திரையில் மகன் தோள் வரைக்கும்தான் தெரிந்தான். இளைத்திருந்தான். அவள் மைக்குக்குக் கை நீட்டினாள். அட்மிரல் அதற்குள் காகிதத்தைப் பிரித்துவிட்டார்.

"அலைகடலின் காவலனே!"

"அப்பா, அம்மாகிட்ட குடுங்கப்பா" என்றான் அலைகடலின் காவலன்.

"என்னங்க, குடுங்க" என்று அவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் இரண்டாம் பக்கத்துக்குத் தாவினார். மேடைக்குக் கீழே ஒருவர் விரலை உயர்த்தி நேரம் முடியப் போவதைக் காட்டினார். அட்மிரல் பார்த்தார். காகிதத்தைச் சுருட்டிவிட்டு, புகைப்படக்காரரின் பக்கம் திரும்பி, விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது.

"பதில் சல்யூட்! தம்பி, பதில் சல்யூட்!" என்றார் கொடிக்கம்பம்.

"தொப்பி இல்லாம வைக்கறது முறை இல்லீங்க சார்" என்றான் மகன் அவசரமாக.

திரையின் ஓரத்திலிருந்து யாரோ ஒரு புண்ணியவான் கையை நீட்டி அவன் தலையில் ஒரு தொப்பியை வைத்தான். கூட்டம் சிரித்தது, தட்டியது. அவன் அம்மாவைப் பார்த்தான். பிறகு வலது கையைத் தூக்கினான்.

சுண்டு விரலும் மோதிர விரலும் இருக்க வேண்டிய இடம் மொட்டையாக இருந்தது.

முன்வரிசையில் கைதட்டல் நின்றது. பின்வரிசை தட்டிக்கொண்டே இருந்தது. அட்மிரல் இன்னும் கேமராவுக்கு முகம் கொடுத்து நின்றுகொண்டிருந்தார். அவர் கையிலிருந்த மைக்கை அவள் பிடுங்கினாள்.

"விரல் எங்கடா?"

"கிடங்குக் கதவும்மா. கப்பல் ஆடுச்சு, கதவு வந்து சாத்திக்கிச்சு. சொல்லலாம்னுதான் நினைச்சேன், அப்பா..."

திரையில் வேறு வீட்டுப் பையன் வந்து நின்றான்.

"வீரத் தழும்பு!" என்று கத்தினார் கொடிக்கம்பம். "எல்லாரும் எழுந்து நின்னு தட்டுங்க!" எழுந்து நின்று தட்டினார்கள்.

தேநீர் கொடுக்கும் இடத்தில் அட்மிரல் முதலில் வெளிறிப் போய்த்தான் நின்றார். அப்புறம் ஒருவர் வந்து கையைக் குலுக்கினார், இன்னொருவர் வந்து தோளைத் தட்டினார். மெல்ல மெல்ல அவருக்கு உயிர் வந்தது.

"கொந்தளிக்கிற கடல் சார். கடமைன்னு வந்துட்டா இவன் பின்வாங்கவே..."

"அரிசி மூட்டை வைக்கிற ரூம் கதவு" என்றாள் அவள், எல்லாருக்கும் கேட்கும்படி. "கதவுல நசுங்கியிருக்கு. இவர் தெருவெல்லாம் தம்பட்டம் அடிப்பாருன்னு பயந்து எங்கிட்டயும் சொல்லாம இருந்திருக்கான்."

கொடிக்கம்பம் பிஸ்கட் தட்டைப் பார்க்கத் தொடங்கினார்.

வீட்டுக்குப் பஸ் ஏறினார்கள். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "அத்தனை பேர் முன்னால மானத்தை வாங்கிட்டே" என்றார். கண் கலங்கியிருந்தது. அது எதற்கு என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை, பார்க்கவும் தோன்றவில்லை.

"சல்யூட் மட்டும் நல்லா வெச்சான், இல்ல?" என்றார் கொஞ்ச நேரம் கழித்து.

அவள் போனை எடுத்து, 'எந்தக் கையால சாப்பிடறே?' என்று மகனுக்குத் தட்டி அனுப்பினாள். செய்தி போகவில்லை. கப்பல் கிளம்பியிருக்க வேண்டும்.