காது நோட்டு

ஒருவர் சொன்னதை இன்னொருவர் எடுத்துச் சொல்வதற்கு ஆங்கில இலக்கணத்தில் ரிப்போர்ட்டட் ஸ்பீச் என்று பெயர். எங்கள் தெருவில் அதற்குப் பெயர் வம்பு. பதினொரு வருடமாக இந்த வம்பைத்தான் நான் விதிமுறைகளோடு சொல்லிக்கொடுத்து வந்தேன்.

இடம், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு ஜரிகைக் கடைக்கு மேல் மாடி. ஒரு ஹால், எட்டு பெஞ்சு, இரண்டு ஃபேன். அதில் ஒன்று சுற்றும். காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு பிரேம்நாத் கணக்கு எடுப்பான். சாயந்திரம் ஆறு மணிக்கு, வேலை முடித்து வரும் பெரியவர்களுக்கு நான் ஆங்கிலம். இருவரும் கல்லூரியில் ஒரே பெஞ்சு. ஹால் அவன் பெயரில் எடுத்தது; போர்டில் இரண்டு பேர் பெயரும் உண்டு. பெயிண்டர் இடம் போதாமல் 'உமாபதி'யின் கடைசி எழுத்தைச் சின்னதாக்கி ஓரத்தில் செருகியிருந்தார். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

புத்தகத்து எடுத்துக்காட்டுகள் எல்லாம் 'சந்தைக்குப் போகிறேன் என்று ராமன் சொன்னான்' வகை. எங்கள் ஊரில் எந்த ராமனும் சந்தைக்குப் போவதை அறிவித்துவிட்டுப் போவதில்லை. அதனால் நான் ஒரு வழக்கம் வைத்தேன். ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு. வகுப்பின் முதல் கால் மணி நேரம், அன்று காதில் விழுந்த ஐந்து பேச்சுகளை, யார் சொன்னது என்பதோடு ஆங்கிலத்தில் மாற்றி எழுத வேண்டும். அதற்குக் காது நோட்டு என்று பெயர். ஒரே ஒரு சட்டம்: எழுதியது மாடிப்படி இறங்காது. வகுப்பு முடிந்ததும் நோட்டுகள் என் பீரோவுக்குள் போய்விடும், சாவி என் பூணூல் இல்லாத கழுத்தில் என்று சொல்லிச் சிரிக்க வைப்பேன்.

பட்டுக்கடை கவுன்டரில் நிற்கும் இந்திராணி, வீடியோ காலில் புடவை பார்த்துவிட்டு 'அப்புறம் கூப்பிடுகிறோம்' என்று சொன்னவர்களைப் பற்றியே மூன்று நோட்டு எழுதித் தள்ளினாள். கூரம் பஞ்சாயத்தில் வார்டு உறுப்பினராக இருக்கும் கலியனின் வரிகள் எல்லாம் 'நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று நான் சொன்னேன்' என்று முடியும். அவர் நோட்டில் சிவப்பு மையில் எழுதினேன்: 'சொல்லாததை எடுத்துச் சொல்ல இலக்கணத்தில் வழியில்லை. நீங்கள் ஏற்கெனவே சரியான துறையில்தான் இருக்கிறீர்கள்.' அவரே அதை உரக்கப் படித்துக் காட்டினார். ஒவ்வொரு நோட்டிலும் இப்படி ஒரு கேலி எழுதுவேன். சிரித்தால் மனசில் நிற்கும் என்பது என் கொள்கை. கொள்கை என்று சொல்வது கொஞ்சம் அதிகம். எனக்கு வேறு விதமாக நடத்தத் தெரியாது.

சத்யப்ரியா பிரேம்நாத்தின் மனைவி. மகள் பள்ளியில் பெற்றோர் கூட்டத்தில் டீச்சர்கள் பேசின ஆங்கிலத்துக்கெல்லாம் தலையாட்டிவிட்டு வந்ததில், பிள்ளை கராத்தேயில் சேர்ந்துவிட்டது. அடுத்த வாரமே என் வகுப்புக்கு வந்துவிட்டாள். வகுப்பில் என்னை சார் என்பாள், படியிறங்கினால் அண்ணா. அவள் நோட்டில் ஆபத்தான எதுவும் இருக்காது. தோசை மாவு புளித்துவிட்டது என்று என் கணவர் சொன்னார். கராத்தே வாத்தியார் லீவு என்று என் மகள் சொன்னாள். 'இந்த வீட்டில் மாவு மட்டும்தான் புளிக்கிறது, கொடுத்துவைத்தவள்' என்று ஒருமுறை எழுதினேன்.

மே மாதத் தொடக்கத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. எல்லோரும் போன பிறகு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். சத்யப்ரியாவின் நோட்டில் ஐந்து வரி. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

சென்னைக் கோச்சிங் கம்பெனிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து ஹாலைப் பார்த்ததாக என் கணவர் சொன்னார். ஜூன் முதல் ஹால் அவர்களுக்கு என்றும், கிளைக்குத் தானே தலைவர் என்றும் சொன்னார். இங்கிலீஷுக்கு இங்கே யார் என்று அவர்கள் கேட்டதாகச் சொன்னார். அவன் ஒரு காமெடி பீஸ், அவனிடம் வருகிறவர்கள் சிரிக்கத்தான் வருகிறார்கள் என்று தான் பதில் சொன்னதாகச் சொன்னார். யாரிடமும் சொல்லாதே என்று என்னிடம் சொன்னார்.

சிவப்புப் பேனா கையில் இருந்தது. ஜூனுக்கு முன்னால் வேண்டாத ஒரு சொல்லை அடித்தேன். வாத்தியார் புத்தி, வீடு எரிந்தாலும் எழுத்துப்பிழை பார்க்கும். கடைசி வரியில் பிழையே இல்லை. 'சொல்லாதே' போன்றவற்றை மாற்றும் விதத்தை நான் இன்னும் நடத்தவே இல்லை. அதற்காகவே அவள் புத்தகத்தில் நாலு பக்கம் முன்னால் போய்ப் படித்திருக்கிறாள். தெரியாமல் எழுதியதல்ல இது.

அன்று அந்தப் பக்கத்தில் கேலி எழுத வரவில்லை. ஒரு டிக் போட்டு மூடினேன்.

ஏழரைக்கு பிரேம்நாத் வழக்கம்போல ஃபிளாஸ்கோடு மேலே வந்தான்.

"மச்சான், டீ. இன்னிக்கு இஞ்சி தூக்கலா இருக்குது, பாத்துக் குடி."

"ஞாயித்துக்கிழமை ஃபோன் பண்ணேனேடா, எடுக்கல?"

"ஓரிக்கைல ஒரு வளைகாப்பு மச்சான். ஃபோனை வண்டியிலயே வச்சிட்டேன்."

"பொண்ணுக்கு எத்தனாவது மாசம்?"

"ஏழு," என்றான் கண் சிமிட்டாமல். கணக்கு வாத்தியார் அல்லவா, எண் தடுமாறாது.

அந்த இடத்தில் சட்டையைப் பிடித்திருக்கலாம். ஆனால் பிடித்தால், யார் சொன்னது என்பதுதான் அடுத்த கேள்வி. பிரேம்நாத் கை ஓங்குகிற ஆள் இல்லை. பேசாமல் இருக்கிற ஆள். பெற்ற அம்மாவிடம் எட்டு மாதம் ஒரு சொல் பேசாமல் இருந்தான். நான்தான் அம்மா இருந்த செவிலிமேட்டுக்கும் பிள்ளையார்பாளையத்துக்கும் தூது ஓடி முடித்துவைத்தேன். அந்த எட்டு மாதம் சத்யப்ரியாவுக்கு வரக் கூடாது. டீயைக் குடித்தேன். இஞ்சி தூக்கல்தான்.

மறுநாள் அவள் நோட்டைப் பிரித்துப் பார்த்தாள்.

"சார், கமெண்ட்டு எழுதலியே?"

"படிச்சிட்டேன்மா."

"சரி சார்." அன்று மறுபடி தோசை மாவு.

அவனே சொல்லட்டும் என்று மூன்று வாரம் காத்திருந்தேன். தினம் ஒரு கதவு திறந்துவிட்டேன். "அடுத்த வருஷம் பேட்ச்சைப் பெருசு பண்ணலாமாடா?" "பாக்கலாம் மச்சான்." "அந்த ஃபேனை மாத்திடலாமாடா?" "ஜூன்ல பாத்துக்கலாம் மச்சான்." மச்சான் என்ற சொல் அந்த மூன்று வாரத்தில் பெருகிக்கொண்டே போனது. உள்ளதை மறைக்க மறைக்க உறவுமுறை கூடும் போல.

வரதர் கோயில் கருட சேவை அன்று பஸ்ஸையெல்லாம் திருப்பி விட்டதில் சாயந்திரமும் வகுப்புக்கு யாரும் வரவில்லை. காலி பெஞ்சுகளுக்கு நடுவே பிரேம்நாத் வந்து உட்கார்ந்தான். டீ இல்லை.

"மச்சான், ஒரு விஷயம். நேத்துதான் ஃபைனல் ஆச்சு. சென்னைல இருந்து ஒரு கோச்சிங் கம்பெனி. ஹாலை அவங்க எடுத்துக்கிறாங்கபா. என்னை பிராஞ்ச் ஹெட்டா போட்டிருக்காங்க. உனக்கும் கேட்டேன்டா, எவ்ளோ கேட்டேன் தெரியுமா? இங்கிலீஷுக்கு எங்க ஆளையே அனுப்புறோம்னு அவங்க பிடிவாதமா சொல்லிட்டாங்க."

கண்ணாடி முன் நான் இதற்கு ஒத்திகை பார்த்திருந்தேன். புருவம் தூக்கணும், வாய் பிளக்கணும். நேரம் வந்தபோது முகம் ஒத்துழைக்கவில்லை.

"சரிடா," என்றேன்.

அவன் என்னையே பார்த்தான். "என்னடா, சரின்ற? முன்னாடியே தெரியுமா உனக்கு?"

"எனக்கு எப்படிடா தெரியும்?"

"இல்ல, யாரோ சொல்லியிருக்காங்க. நான் வீட்ல மட்டும்தான்…"

நிறுத்தினான். அவன் கண் மெல்ல மூன்றாவது பெஞ்சுக்குப் போனது. சத்யப்ரியா உட்காரும் இடம். அங்கிருந்து என் பீரோவுக்கு வந்தது. கணக்கு போடுகிறான். இன்னும் ஒரு வரிதான், விடை வந்துவிடும்.

நான் நெஞ்சில் கை வைத்து எழுந்தேன். "அய்யய்யோ! என்னடா குண்டைத் தூக்கிப் போடுற!" பெஞ்சில் இடித்துக்கொண்டு தொப்பென்று உட்கார்ந்தேன்.

"நடிக்காத உமா."

பதினொரு வருடம் இந்த ஊரைச் சிரிக்க வைத்தவன், ஒரே ஒருத்தனை நம்பவைக்க முடியவில்லை. கை அந்த பெஞ்சின் ஓரத்தைப் பிடித்திருந்தது. மூடிப்போன ஒரு பள்ளிக்கூடத்தில் வாங்கி, டெம்போவில் ஏற்றி, அதன் மேலேயே இரண்டு பேரும் உட்கார்ந்து வந்த பெஞ்சு. அன்று மழை. அவன் தன் ரெயின்கோட்டைக் கழற்றி பெஞ்சுக்குப் போர்த்தினான், எங்களுக்கு இல்லை.

"என்னைப் பத்தி அவங்க கிட்ட என்னடா சொன்ன?" என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது. வாயில் வந்துவிட்டது.

"நல்லவிதமாத்தான்டா. உமாபதி மாதிரி ஒரு வாத்தியார் காஞ்சிபுரத்துலயே கெடையாதுன்னேன். சத்தியமா."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. ஒத்திகையில் இல்லாத அழுகை, மூக்கு ஒழுகுகிற, அசிங்கமான அழுகை. பிரேம்நாத் பதறிப்போய் வந்து தோளைப் பிடித்தான்.

"டேய், டேய். நீ போய் அழுவுறியா? எனக்கு மட்டும் நல்லா இருக்குதாடா? நேத்து தூங்கவே இல்ல மச்சான்."

நான் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். என் இடத்தைப் பறித்தவனுக்கு நான் ஆறுதல்! அவன் கண் மறுபடி மூன்றாவது பெஞ்சுக்குப் போகவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே தட்டினேன்.

சனிக்கிழமை கடைசி வகுப்பு. நோட்டுகள் முதல் தடவையாக மாடிப்படி இறங்க வேண்டும். முந்தின நாளே சத்யப்ரியாவின் நோட்டில் அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். நடுவில் பின் அடித்த நோட்டு; ஒரு தாளை எடுத்தால் அதன் ஜோடித் தாளும் கழன்று வரும். வந்தது. இரண்டையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

"சார், கூரத்துல நம்ம நெல்லு ஷெட்டு காலியா கெடக்குது. அங்க வந்து நடத்துங்க," என்றார் கலியன்.

"எழுதி வாங்கிக்கோங்க சார்," என்றாள் இந்திராணி. "நாளைக்கு நான் சொல்லவே இல்லைன்னுவாரு."

"ஏம்மா, நீ அப்புறம் கூப்பிடுறேன்னு சொல்லாம வந்து சேரு, போதும்," என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கத்தானே வருகிறார்கள்.

சத்யப்ரியா கடைசியாக வந்து நோட்டை வாங்கினாள். நடுப்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள். தாள் இல்லாத இடத்தை விரலால் ஒருமுறை தடவினாள்.

"அண்ணா," என்றாள். இன்னும் வகுப்பில்தான் இருந்தோம். "அழுதீங்கன்னு அவரு சொன்னாரு."

"நல்லா நடிச்சேனா?"

அவள் நோட்டை மூடிக் கைப்பைக்குள் வைத்தாள். கீழே ஜரிகைக் கடைக்காரர் ஷட்டரை இறக்கினார்.

"எனக்குப் புது கிளாஸ் ஃப்ரீயாம் அண்ணா. கூரத்துக்கெல்லாம் அனுப்ப மாட்டாரு."

"சேந்துக்கோம்மா. நல்லாத்தான் சொல்லித் தருவாங்க."

"அங்கயும் காது நோட்டு வைப்பாங்களா?"

"வச்சா, தோசை மாவு மட்டும் எழுது."