நாற்பத்தொன்றாம் எண் விளக்கு

ரங்கூன் கண்டோஜி ஏரிக்கரை ஒளிக்கலை விழாவில் நாற்பத்தொன்றாம் எண்ணாக வைக்கப்பட்டிருந்த விளக்கு, பர்மியர் விளக்கேற்றும் தசாங்டைங் பௌர்ணமிக்கு மறுநாள் சனிக்கிழமை மாலை ஏழு இருபதுக்கு, சொக்கனும் அவர் மனைவி பவுனம்மாளும் ஏறிய சைக்கா ரிக்ஷாவின் பின்னால் புறப்பட்டு, ஏழு ஐம்பதுக்கு மிங்கலா தாங்ஞுன்டில் அவர்கள் வீட்டுக்குள் நுழைந்தது. வழியில் இரண்டு இடங்களில் நின்றது. ஒன்று சாலைச் சந்திப்பில், சிவப்பு விழுந்தபோது. மற்றது ஒரு நாய் குறுக்கே வந்தபோது. அதற்குக் கம்பி இல்லை, பல்பு இல்லை, சூடும் இல்லை. ஒரு பம்பளிமாஸ் பழத்தின் அளவில், இடுப்பு உயரத்தில் வந்துகொண்டிருந்தது. சைக்கா ஓட்டியவர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, இதையும் ஏற்றிக்கொள்ளவா என்று கேட்டார். கேட்டுவிட்டுத் தொடர்ந்து மிதித்தார்.

சைக்காவில் இரண்டு பேர் முதுகோடு முதுகு ஒட்டி, ஒருவர் முன்னேயும் ஒருவர் பின்னேயும் பார்த்துத்தான் உட்கார முடியும். சொக்கனுக்கும் பவுனம்மாளுக்கும் அதைவிடப் பொருத்தமான வண்டி ரங்கூனில் இல்லை. அவர்கள் பேசிப் பதினொரு வருடம் ஆகியிருந்தது. காரணம் எல்லோருக்கும் தெரியும். சொக்கன் ரயில்வேயில் கைகாட்டி இழுத்தவர். அவருடைய அப்பாவும் அப்பாவின் அப்பாவும் அதே இருப்புப்பாதையில் வேலை பார்த்தவர்கள். பதினொரு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, கோவில் அபிஷேகத்துக்குக் கிளம்பிய பவுனம்மாள் மால்வாகோன் நிலையத்தில் ஊரைச் சுற்றி வரும் வட்ட ரயிலுக்குக் காத்திருந்து, அபிஷேகம் முடிந்த பிறகு போய்ச் சேர்ந்து, வீடு திரும்பியதும் ரயில் பத்து நிமிஷம் லேட்டு என்று சொன்னாள். ரயில் லேட்டு இல்லை, நீ பத்து நிமிஷம் முந்திப் போய்விட்டாய் என்றார் சொக்கன். அப்படியானால் நான் பேசுவதும் முந்தித்தான், நேரம் வரும்போது பேசிக்கொள்ளலாம் என்று பவுனம்மாள் அடுப்படிக்குப் போனாள். நேரம் வரவில்லை.

இடையில் இருந்தவள் அவர்களுடைய ஒரே மகள் தமிழரசி. வயது முப்பத்தொன்று, பபேடானில் ஒரு மருந்துக்கடையில் வேலை. பகலெல்லாம் சேர்ந்த செய்திகளை மாலை ஆறு மணிக்கு வந்து பட்டுவாடா செய்வாள். அம்மாவிடம் சொல், அப்பாவிடம் சொல் என்று வருவதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் அவளுக்கு ஒரு நற்பெயர் இருந்தது. டாலாவில் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் மனோஜ், சைலன்ஸரில் சுட்டுக்கொண்ட கைக்குக் களிம்பு வாங்க அந்தக் கடைக்கு ஒரு நாள் வந்தவன், பிறகு சுடாத கைக்கும் வந்து வாங்கினான். நான்கு வருடமாக ஆற்றைக் கடந்து வந்து கேட்டுக்கொண்டிருந்தான். "நான் டாலாவுக்கு வந்துட்டா எங்க வீட்டுல யாருங்க பேசுவா? ரெண்டும் பட்டினி கெடந்து செத்துப்போகும், சோறு ஆயிடுச்சுன்னு சொல்ல ஆள் இல்லாம" என்பதுதான் நான்கு வருடமும் அவள் சொன்ன பதில். அந்தக் கார்த்திகை முடிவதற்குள் முடிவு தெரியாவிட்டால், தன் அம்மா தட்டோனில் பார்த்து வைத்திருக்கும் பெண்ணுக்குச் சரி சொல்ல வேண்டியதுதான் என்று மனோஜ் கடைசியாகச் சொல்லியிருந்தான். சொல்லிவிட்டு இன்னொரு களிம்பு வாங்கிப் போனான்.

இந்த நிலையில்தான் அப்பா, அம்மா, மகள் மூவரும் ஒளிக்கலை விழாவுக்குப் போனார்கள். ஏரியைச் சுற்றி மொத்தம் நாற்பத்தாறு காட்சிகள். பழைய தண்ணீர் போத்தல்களால் செய்த மீன் ஒன்று மூன்று மாடி உயரத்துக்கு எழும்பி, வாயைத் திறக்கும்போது நீலமாகவும் மூடும்போது சிவப்பாகவும் ஆனது. மரங்களில் தொங்கிய நூற்றுக்கணக்கான குடைகளுக்குக் கீழே நடந்தால் தலையில் ஒளி சொட்டியது, பலபேர் துடைத்துக்கொண்டார்கள். ஏரித் தண்ணீரின் மேல் ஒளிக்குழல்களால் கட்டிய ஆறு பெட்டி ரயில் ஒன்று நின்றது. சொக்கன் அதை இருபது நிமிடம் மேலும் கீழும் பார்த்துவிட்டு, கடைசிப் பெட்டியில் வால்விளக்கு இல்லை, இதை எந்த நிலையத்திலும் விடமாட்டார்கள் என்று மகளிடம் சொன்னார். பவுனம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். "அப்பாகிட்ட சொல்லுடி, இந்த ரயிலாவது நேரத்துக்கு வந்து நிக்குதேன்னு." தமிழரசி சொன்னாள். மூன்று குச்சி ஐஸ் கையில் உருகிக்கொண்டிருக்க, அதற்கு அவர் சொன்ன பதிலையும் கொண்டுவந்து சேர்த்தாள்.

நாற்பத்தொன்றாம் எண் காட்சியில் பார்க்க ஒன்றுமில்லை. எதிரெதிரே இரண்டு மூங்கில் முக்காலிகள், நடுவே வெற்றிடம், பக்கத்தில் பர்மியில் எழுதிய பலகை: ஒருவரையொருவர் அறிந்த இருவர் உட்கார்ந்து பேசினால் விளக்கு வரும். செய்தவர் மண்டலேயைச் சேர்ந்த மா கின் தண்டா என்ற பெண். காதலர்கள் உட்கார்ந்து குசுகுசுக்க, விளக்கு வந்து வந்து போனது. பலகையைப் படிக்காமல் சொக்கன் முழங்கால் வலிக்கு ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். செருப்பு வார் அறுந்ததால் பவுனம்மாள் மற்றதில் உட்கார்ந்தாள். ஏழு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பின்னால் வரிசை நீண்டு முணுமுணுப்பு எழுந்தது. அந்த நேரம் பார்த்து ஜெனரேட்டர் நின்று ஏரிக்கரை முழுக்க இருண்டது. ஒரு நிமிடம் கழித்து அது இருமிக்கொண்டு பிடித்து, எல்லாக் காட்சிகளும் ஒன்றாக எரிந்தபோது, கூடியிருந்த பதினைந்தாயிரம் பேரும், மின்சாரம் வந்தால் தங்கள் தங்கள் தெருவில் கத்துவதுபோலவே, "மீ லாபி!" என்று கத்தினார்கள். விளக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். நாலு மணி நேரம் கரண்ட், எட்டு மணி நேரம் இருட்டு என்று முறை வைத்து வாழும் ஊரில் இந்தக் கூச்சல் யாரும் யோசித்துப் போடுவதல்ல. சொக்கனும் பவுனம்மாளும் கத்தினார்கள். முக்காலிகள் எதிரெதிரே இருந்ததால் ஒருவர் முகத்தைப் பார்த்து ஒருவர் கத்தினார்கள். பதினொரு வருடத்தில் இருவரும் நேருக்கு நேர் சொல்லிக்கொண்ட முதல் வார்த்தை அது. விளக்கு அதை உரையாடல் என்றே எடுத்துக்கொண்டது. வந்துவிட்டது என்று இரண்டு பெரியவர்கள் சொன்ன பிறகு வராமல் இருப்பது மரியாதையில்லை என்று அதற்குத் தோன்றியிருக்க வேண்டும். வந்தது. அவர்கள் எழுந்து போனபோது கூடவே போனது.

வீட்டில் அது கூடத்தின் நடுவே, இருவருக்கும் சம தூரத்தில் நின்றது. தரைத்தள வீடு, எதிரே ஆறு மாடிக் கட்டடம், கரண்ட் இல்லாவிட்டால் நட்டநடுப் பகலிலும் அரிசியில் கல் பொறுக்க முடியாது. முதல் நாள் பம்பளிமாஸ் அளவில் இருந்த விளக்கு, தமிழரசி வழியாகச் செய்திகள் போய்வரப் போய்வரச் சுருங்கியது. மருந்து சாப்பிட்டாச்சா என்று அப்பா கேட்கச் சொன்னார் என்றதும் ஆரஞ்சு ஆனது. சாப்பிட்டாச்சு என்று போய்ச் சொன்னதும் கொய்யா ஆனது. நான்காம் நாள் பவுனம்மாள் கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியோடு திரும்பும்போது வழியில் நின்ற கணவனைப் பார்த்து, "தள்ளுங்க!" என்று கத்திவிட்டாள். விளக்கு குபீரென்று பூசணி அளவுக்கு வீங்கி, எதிர்க்கட்டடத்தின் மாடிப்படி ஆறாவது தளம்வரை வெளிச்சமாகி, உடனே அடங்கியது. தெரு விஷயத்தைப் புரிந்துகொண்டது.

எதிரே தையல்கடை வைத்திருந்த அப்துல் அஜீஸ் நான்கு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார். மேல்வீட்டுப் புஷ்பா மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் கொண்டுவந்து, நன்றாக இருக்கிறதா என்று இருவரையும் ஒரே நேரத்தில் கேட்டாள். இருவரும் அவளிடம் தனித்தனியாகப் பதில் சொன்னார்கள். தமிழரசி தொண்டை கட்டிவிட்டது என்று இரண்டு நாள் வாயை மூடிப் பார்த்தாள். அதற்கும் அவர்கள் வழி கண்டார்கள். சொக்கன் விளக்கைப் பார்த்து, சோறு ஆயிடுச்சான்னு கேளு என்றார். பவுனம்மாள் விளக்கைப் பார்த்து, அரை மணி ஆகும்னு சொல்லு என்றாள். விளக்கின் கணக்கில் இது சேரவில்லை. அது எலுமிச்சம்பழ அளவுக்கு வந்துவிட்டது. தமிழரசி அதை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே வேலைக்குப் போய் வந்தாள். பதினொரு வருடத்தில் தன் வேலைக்கு வந்த ஒரே மாற்று ஆள் அதுதான், அது கரைந்துகொண்டிருந்தது. கார்த்திகையும் கரைந்துகொண்டிருந்தது.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு, கரண்ட் இல்லாத முறையில், மா கின் தண்டா தன் உதவியாளர் ஒருவரோடும் இரண்டு மூங்கில் முக்காலிகளோடும் வந்தாள். கோபமாக வரவில்லை. உள்ளே எட்டிப் பார்த்துக் கவலைப்பட்டாள். இன்று மாலைவரைகூடத் தாங்காது, பேச்சு இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோனால்தான் பிழைக்கும் என்று பர்மியில் எடுத்துச் சொன்னாள். பிறகு வாசலில் முக்காலிகளைப் போட்டு, உதவியாளரோடு எதிரெதிரே உட்கார்ந்து, மண்டலே வெயிலைப் பற்றி நிதானமாகப் பேசத் தொடங்கினாள். விளக்கு கூடத்தின் நடுவிலிருந்து நகர்ந்து, வெட்கப்படும் பூனைக்குட்டிபோல வாசற்படிக்குப் போனது. தெரு கூடி நின்று பார்த்தது. அப்துல் அஜீஸ் தலையில் கை வைத்துக்கொண்டார்.

சொக்கன் நாற்காலியில் இருந்தபடி மகளைக் கூப்பிட்டார். "அம்மாகிட்ட சொல்லு, கதவ ஒருக்களிச்சுச் சாத்தச் சொல்லி. தூசி வருது."

தமிழரசி அடுப்படி நிலைவரை போனாள். அங்கே நின்று, பதினொரு வருட வழக்கப்படி, தெளிவாகச் சொன்னாள். "அம்மா, அன்னைக்கு ரயிலு பத்து நிமிஷம் லேட்டுதானாம். அப்பா ஒத்துக்குறாரு."

அடுப்படியில் கரண்டி விழுந்தது. கூடத்தில் நாற்காலி விழுந்தது.

"யாரு ஒத்துக்கிட்டா? ஏ பவுனு, நான் அப்படிச் சொல்லவே இல்ல!"

"இப்பத்தானே புள்ள வந்து சொன்னா?"

"அவ பொய் சொல்றா! ரயிலு ஏழு பத்துக்கு டாண்ணு வந்துச்சு. கைகாட்டிய எறக்குனது நானு. நீ ஏழு மணிக்கே போயி நின்னுக்கிட்டு..."

"அபிஷேகம் முடிஞ்சு சூடம் அணைஞ்சப்பறம் கொண்டுபோயி எறக்கிவிட்டுச்சே ஒங்க ரயிலு, அதுக்குப் பேரு என்னங்க?"

"அதுக்குப் பேரு அட்டவணை!"

விளக்கு வாசற்படியிலிருந்து திரும்பியது. வரும்போதே கொய்யா ஆகி, பம்பளிமாஸ் ஆகி, கூடத்தின் நடுவுக்கு வந்து சேர்வதற்குள் பூசணியையும் தாண்டிவிட்டது. தெருவின் இரு பக்கமும் வீட்டுக்குள் இருந்த பாத்திரம், படம், கொடியில் காய்ந்த லுங்கி எல்லாம் நிறத்தோடு தெரிந்தன. ஐந்தாவது மாடியில் ஒருவர் ஒரு மாதமாகத் தேடிய பல்செட்டைக் கண்டெடுத்தார். அப்துல் அஜீஸ் ஓடிப்போய்த் தையல் மிஷினில் உட்கார்ந்து ஒரே தடவையில் ஊசியில் நூல் கோத்தார். "சொக்கண்ணே, விட்டுறாதீங்க! இன்னும் ரெண்டு சட்டைக்குக் கை வைக்கணும்!" மேலேயிருந்து புஷ்பா குனிந்து, "அக்கா, அவரு விட்டாலும் நீங்க விடாதீங்க!" என்றாள்.

யாரும் விடவில்லை. ரயில் முடிந்து ரசம் வந்தது, ரசம் முடிந்து மச்சினன் கல்யாணத்தில் கொடுக்காத மரியாதை வந்தது. பதினொரு வருடத்துப் பாக்கிகள் ஒவ்வொன்றாக வந்து நின்று தம் முறைக்குக் காத்திருந்தன. ஒரு மணி நேரம் கழித்து மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் இருவரும் ஒன்றாகத் தமிழரசியைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு தடவை மாற்றிச் சொன்னவள் எத்தனை தடவை மாற்றிச் சொன்னாளோ என்று பவுனம்மாள் கேட்டாள். சத்தியமாக இதுதான் முதல் தடவை என்றாள் தமிழரசி. யாரும் நம்பவில்லை. "இனிமே இவ நடுவுல வேண்டாம்" என்றார் சொக்கன். "வேண்டவே வேண்டாம்" என்றாள் பவுனம்மாள். பதினொரு வருடத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் இது. இதற்கும் விளக்கு குறையவில்லை. கொஞ்சம் மஞ்சள் கூடியதாகப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். இப்படியாகத் தமிழரசி வேலையிலிருந்து நீக்கப்பட்டாள்.

"அப்ப நான் டாலாவுக்குப் போறேன்" என்றாள்.

டாலாவில் என்ன வேலை என்று கேட்டார்கள். கல்யாணம் என்றாள். மகள் நான்கு வருடமாக ஒருவனுக்குக் களிம்பு விற்றது யார் கண்ணிலும் படாமல் போனதற்கு யார் பொறுப்பு என்பதைப் பற்றி அடுத்த சண்டை தொடங்கியது. அது மாலை நாலுவரை போனது. மா கின் தண்டா அங்கேயே மதியச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, தன் பதிவேட்டில் நாற்பத்தொன்றாம் எண்ணுக்கு நேரே, காட்சியில் இருக்கிறது, இடம் மிங்கலா தாங்ஞுன்ட், தரைத்தளம் என்று எழுதிக்கொண்டாள். முக்காலிகளை விட்டுவிட்டுப் போனாள். அவை இப்போது காய்கறி வைக்கப் பயன்படுகின்றன.

கார்த்திகை முடிய மூன்று நாள் இருக்கையில் தமிழரசி படகேறிப் போய் மனோஜிடம் நேரில் சொன்னாள். தை மாதம் கல்யாணம் நடந்தது. மாலையின் முடிச்சு எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதில் பெண்ணின் பெற்றோருக்குள் கருத்து வேறுபாடு இருந்ததால், மண்டபத்துக்கு ஏற்பாடு செய்த ஜெனரேட்டரை யாரும் போடவில்லை. அதற்குப் பிறகு தெருவில் மின்சார முறையைப் பற்றி விசாரிப்பவர்கள் குறைந்தார்கள். பரீட்சைக்குப் படிக்கிற வீடுகளிலிருந்து, நாளை கணக்குப் பாடம், கொஞ்சம் காரமாக எதையாவது எடுங்கள் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்புவார்கள். சாதாரண விசாரிப்புகளுக்கும் இப்போது நல்ல வெளிச்சம் வருகிறது. சண்டைதான் வேண்டும் என்பதில்லை என்று கோடைக்காலத்தில் தெரியவந்தது. ஆனாலும் இருவரும் சண்டையையே விரும்பினார்கள்.

தலைதீபாவளிக்குத் தமிழரசியும் மனோஜும் படகேறி, பஸ் பிடித்து, காலை ஒன்பதுக்கு வந்து வாசலில் நின்றார்கள். உள்ளே எண்ணெய்ச் சட்டியில் அதிரசம் வெந்துகொண்டிருந்தது. பாகு முற்றிவிட்டதா இல்லையா என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. மகளையும் மருமகனையும் கவனிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அப்பாவிடம் சொல் என்றோ அம்மாவிடம் சொல் என்றோ யாரும் அவளிடம் எதையும் கொடுக்கவில்லை. தமிழரசி கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

"வாங்க மாப்ள. ஏன்டி நிலையிலயே நிக்கிற?" என்றாள் பவுனம்மாள். "அந்த வெளக்கக் கொஞ்சம் தள்ளிவிட்டுட்டு உக்காரு."

தமிழரசி அதைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள்.