சுவருக்கு வைத்த ஜரிகை

“அத்தை, சட்டமெல்லாம் மாட்டியிருக்குது. உள்ள இருந்த சாமிங்க எங்க போயிட்டாங்க?”

புதுச்சேரி ஃபிளாட்டின் ஹாலில் நின்று சுலோசனாவைக் கேட்டாள் தம்பி மகள் கலைமதி. சுவர் முழுக்க வெள்ளை வெளேரென்று பூ வேலைப்பாட்டோடு மோல்டிங் பட்டைகள், கட்டம் கட்டமாக. கட்டத்துக்குள் ஒன்றுமே இல்லை.

“ஒண்ணும் இல்லாம இருக்குறதுதான்டி பிரெஞ்சு ஸ்டைல்,” என்றாள் மகள் சத்யப்ரியா. புதுச்சேரியில் வேலை பார்ப்பவள். பழைய ஃபிளாட்டை வாங்கிப் புதுப்பிக்கலாம் என்று அப்பாவைக் கரைத்தவளும் அவள்தான்.

மரக்காணத்தில் உப்பளம் வைத்திருக்கும் கணவர் ராஜாங்கத்துக்கு இது கடைசிவரை பிடிபடவில்லை. “புடவைக்கு ஜரிகை பாத்திருக்கேன். சுவத்துக்கு ஜரிகை இப்பத்தான் பாக்கறேன். ஏம்பா ஜான்சன், அடுத்து முந்தானையும் உண்டா?”

“அது சீலிங்ல வருதுங்க,” என்றார் ஜான்சன் அசராமல்.

ஜான்சன் பல வருஷமாக ஒரு மேஸ்திரியிடம் கூலிக்கு மோல்டிங் ஒட்டியவர். சொந்தமாக எடுத்த முதல் வேலை இது. எதிர் ஃபிளாட் விஜயலட்சுமி டீச்சர் தினமும் வந்து சுவரைத் தடவிப் பார்ப்பார். “கிரகப்பிரவேசம் முடியட்டும். வேலை நல்லா நின்னுச்சுன்னா எங்க வீடு மொத்தமும் உங்களுக்குத்தான்,” என்று வாக்குக் கொடுத்திருந்தார். அது கிடைத்துவிட்டால் ஜான்சன் மறுபடி மேஸ்திரி வாசலில் போய் நிற்க வேண்டியதில்லை. அவர் மனைவி மேரிசெல்வி அதற்காகவே மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தாள்.

விசேஷத்துக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலத்தோடு ஆளுக்கொரு உப்புப் பொட்டலம் கொடுப்பதென்று சுலோசனா முடிவு செய்தாள். புது வீட்டுக்குள் முதலில் நுழைவது உப்பும் மஞ்சளும்தானே. உப்பளக்காரர் வீட்டு விசேஷத்தில் அது ஒரு கைப்பிடியோடு நிற்குமா? முந்தின வாரமே மூட்டைகள் வந்து இறங்கின.

“பால்கனியில வைம்மா,” என்றாள் சத்யப்ரியா.

“மழை பெய்யுதுடி. கரைஞ்சு போனா யாரு அழுவறது?”

சுலோசனா மூட்டைகளை ஹால் சுவரோடு சாத்தி அடுக்கி, பார்வையாக இருக்கட்டும் என்று பெட்ஷீட் போட்டு மூடினாள். வாரம் முழுக்க மழை. மூட்டைகள் பெட்ஷீட்டுக்குள் சத்தமில்லாமல் வியர்த்தன.

கிரகப்பிரவேசத்தன்று பொட்டலம் போட்டு மூட்டைகள் காலியாயின. அந்த இடத்தில் பாயச அண்டா வந்து உட்கார்ந்தது. கிளியனூர் பெரியம்மா பொட்டலத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “உப்பு தங்கியிருந்த வீடு, லட்சுமி தங்காம எங்க போவா?” என்றாள். அவள் வாய் மூடவில்லை, மூன்றடி மோல்டிங் பட்டை ஒன்று சுவரை விட்டுக் கழன்று நேராக அண்டாவுக்குள் இறங்கியது.

“ஜரிகை அவுந்துடுச்சு!” என்று யாரோ கத்த, ஹாலே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை.

ராஜாங்கம் எகிறினார். “என்னய்யா வேலை செஞ்சிருக்க? பாயசத்துக்கு முந்திரி போடுன்னா சுவத்தையே போடுற?”

ஜான்சன் பட்டை விட்டுப்போன இடத்தை விரலால் தடவி, விரலை நாக்கில் வைத்தார். அதைப் பார்த்தது சுலோசனா ஒருத்திதான். அவர் பார்வை மூலையில் கிடந்த காலிச் சாக்குகளுக்குப் போனது. பெரியம்மா கையிலிருந்த பொட்டலத்துக்குப் போனது. பிறகு சுலோசனாவிடம் வந்து நின்றது. அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நல்ல நாளில் உப்பாலேயே வீடு உதிர்ந்தது என்று ஊர் பேசும்.

“பசை காயறதுக்கு முன்னாடி பெயின்ட் அடிச்சிட்டேங்க,” என்றார் ஜான்சன். “என் தப்புதான். வந்து ஒட்டிக் குடுத்துடறேன்.”

“நல்லவேளை, நான் அவசரப்படலை,” என்று டீச்சர் கிளம்பிப் போனார். ஜான்சனோடு விசேஷத்துக்கு வந்திருந்த மேரிசெல்வி தலையைக் குனிந்துகொண்டாள்.

மரக்காணம் திரும்பும்போது சுலோசனாவால் காரில் அடக்க முடியவில்லை. “அது பசை இல்லைங்க. உப்பு.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“பொறந்ததுலேருந்து உப்புலயே கெடக்கறேன், எனக்குத் தெரியாதா?”

“அப்புறம் எதுக்கு அந்த மனுஷனை அப்படித் திட்டுனீங்க?”

“பின்ன, ஊரு முன்னாடி உன்னையா திட்டச் சொல்ற?” என்றவர் கொஞ்ச தூரம் போனதும், “அவன் மட்டும் வாயைத் தொறந்திருந்தா...” என்று ஆரம்பித்து, முடிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் காலை சுலோசனா, கீழ்புத்துப்பட்டு அய்யனாருக்கு விளக்குப் போட்டுவிட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பினாள். விளக்கும் போட்டாள். சாமி அதோடு விடுவதாகத் தெரியவில்லை. அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் புதுச்சேரி போனாள். சத்யப்ரியா வேலைக்குப் போயிருந்தாள். மாடி வராண்டாவில் ஆள் நடமாட்டம் இல்லை. எதிர்க் கதவைத் தட்டினாள்.

“டீச்சரம்மா, அவரு வேலையில ஒரு குறையும் இல்லைங்க. உப்பு மூட்டையை சுவத்தோட சாத்தி வச்சது நான்தான். அவருக்கு அது தெரியும். நாலு பேரு முன்னாடி நான் தலைகுனியக் கூடாதுன்னு பழியை அவரு வாங்கிக்கிட்டாரு.”

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீங்க குடுத்த பொட்டலத்தை நானும் சுவத்தோரமாத்தான் வச்சிருக்கேன்,” என்றார். “முதல்ல அதை நகர்த்தறேன். அவரு நம்பர் சொல்லுங்க.”

சுலோசனா சொன்னாள். “நான் வந்தது அவருக்குத் தெரிய வேணாங்க.”

படி இறங்குகையில் மேலே டீச்சரின் குரல் கேட்டது. “ஜான்சனா? எப்ப வந்து அளவெடுக்கறீங்க?”

சுலோசனா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் மிச்சப் படிகளை இறங்கினாள்.